கை காலியில்லாத தாய்மாமன்

அத்தானின் கேமராவில் இரண்டு பொத்தான்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்றை அழுத்தினால் படம் எடுக்கும். இன்னொன்றை அழுத்தினால் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிவிடும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு, ஒரே வெள்ளி நிறம். உறையூரில் எனக்குக் குழாய்ச் சாமான் கடை. வெந்நீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் இப்படி வித்தியாசமில்லாமல் செய்து விற்றிருந்தால், உடம்பு வெந்த வாடிக்கையாளர்கள் துண்டோடு கடைக்கே வந்திருப்பார்கள். கேமரா செய்தவர்களைத் தேடி இதுவரை யாரும் துண்டோடு போகவில்லை போலிருக்கிறது.

அதைத் தூக்கிக்கொண்டு நான் மலேசியாவில் கேமரன் மலைக்குப் போனதற்குக் காரணம் என் அக்கா வசந்தா. அவள் மகன் தினேஷ் அங்கே ஈப்போ நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் தேவிகா என்ற பெண்ணைப் பிடித்துப்போய், கட்டினால் அவளைத்தான் என்று நிற்கிறான். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து கட்டிலில் காலை நீட்டியபடி, "நான் பார்க்காம எப்படிடா சொல்றது?" என்றாள். ஆகவே அவள் கண்ணாக நான் போவது என்று முடிவாயிற்று. தினேஷுக்குக் காது குத்த மடி கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு அவன் அழுததைவிட நான் அதிகம் அழுதேன் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

"போன்ல எடுக்குற படம் வேண்டாம்டா. அவன் ரூமையே போன்ல சுத்தமாக் காட்டினவன். அத்தானோட கேமராவை எடுத்துட்டுப் போ. பொண்ணு, அப்பா அம்மா, வீடு, அடுப்படி எல்லாத்தையும் எடு. கடையில குடுத்துக் கழுவி, ஆல்பத்துல வெச்சு நான் நிதானமாப் பார்க்கணும். வாக்கு மட்டும் குடுத்துடாதே. நல்ல பொண்ணுன்னுகூட வாயைத் திறந்துடாதே."

"சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லலாமா?"

அக்கா யோசித்தாள். "சாப்பாட்டைச் சொல்லலாம்."

அத்தான் கேமராவை உறையோடு என்னிடம் ஒப்படைத்தபோது, பிள்ளையை முதன்முதலாக விடுதியில் விட்டுவிட்டு வருகிறவர் முகம் அவருக்கு.

மலைமேல் உள்ள பிரிஞ்சாங் ஊரில் ஒரு அறையில் என்னை இறக்கிவிட்டுத் தினேஷ் வேலைக்குத் திரும்பினான். அவன் பக்கத்தில் நின்றால் எனக்கு மனசு இளகிவிடும், அதனால் கூட இருக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. போகும்போது, "அவங்க ரொம்ப நல்லவங்க மாமா. நீங்கதான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் போட்டுக்கங்க" என்று முடித்தான்.

மறுநாள் காலை பெண்ணின் அப்பா முனியாண்டி வந்தார். என் வயதுதான். ரப்பர் பூட்ஸ், தொப்பி, கழுத்தில் துண்டு.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். டிபன் ஆச்சா என்று கேட்கிற எங்கள் ஊரில் பசியைப் பற்றிப் பேச்சே வராது. இங்கே அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். இன்னும் ஆறவில்லை என்றேன். கடைக்குக் கூட்டிப்போனார். ரொட்டி சானாய் வந்தது. நம் புரோட்டாவுக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். ஜாடை இருக்கிறது, குணம் சாது. மூன்றாவதைக் கேட்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டேன். நான்காவதுக்கு வெட்கம் போய்விட்டது.

கடைக்காரர் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தார். நம் ஊர் மாஸ்டரைவிட ஒரு முழம் கூடுதலாக இழுத்தார். டீ கயிறாக நீண்டு அந்தரத்தில் நின்ற நொடியில் கேமராவை உயர்த்திப் பொத்தானை அழுத்தினேன். ஙீ என்று மூக்கு உள்ளே போனது. மறுபடி எழுப்பினேன். மறுபடி டீ உயர்ந்தது, மறுபடி மூக்கு உள்ளே போனது. பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரர் தன் நண்பரிடம் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றார்?"

முனியாண்டி தயங்கினார். "அந்தக் கேமராவுக்கு நேத்து நைட் டூட்டி போல, தூங்க விடலாம்லான்னு சொல்றாரு."

தோட்டத்துக்கு அவருடைய பழைய ஜீப்பில் போனோம். போனோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி வழியில் அது நின்றுவிட்டது. "ஒரு கை குடுங்கண்ணே" என்றார். இரண்டு கையும் ஒரு நெஞ்சும் கொடுத்தேன். இருபுறமும் தேயிலை, சீப்பால் வாரிவிட்ட தலைபோல மலை முழுக்க வரிவரியாக. திருச்சியில் வெயிலில் நடந்தே மூச்சு வாங்குகிறவன் நான். அந்தக் குளிரில் ஒரு ஜீப்பை மேட்டில் தள்ளிக்கொண்டு, சுற்றிலும் இவ்வளவு அழகு இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பரவசப்பட்டேன்.

சட்டைப்பையில் இருந்த கேமராவும் அந்நேரம் சும்மா இருக்கவில்லை. அதன் தலையில் ஒரு சக்கரம். சாப்பாட்டுக்கு ஒரு இடம், நாய் பூனைக்கு ஒரு இடம், வாணவேடிக்கைக்கு ஒரு இடம் என்று திருப்பிக்கொள்ளலாம். திருப்ப வேண்டும் என்று நினைத்தால் நகம் பெயரும். நினைக்காவிட்டால் தானே திரும்பும். நான் ஜீப்பில் உரசிய உரசலில் அது வாணவேடிக்கைக்குப் போயிருந்தது. அது தெரியாமல், வீடு வந்ததும் முனியாண்டியையும் அவர் மனைவி லெட்சுமியையும் வாசலில் நிற்கவைத்து எடுத்தேன். படத்தில் இரண்டு வெளிச்சக் கோடுகள் வந்தன. ஒரு கோட்டுக்குத் தொப்பி இருந்தது.

அவர்கள் வீடு லயத்தில், அதாவது வரிசை வீடுகளில் கடைசி. வாசலுக்குப் பத்தடி தள்ளியே தேயிலை ஆரம்பித்துவிடுகிறது. லெட்சுமி கோழிக்குழம்பும் ரசமும் நெத்திலிச் சம்பலும் வைத்தார். பேச அனுமதி இருந்த ஒரே விஷயம் சாப்பாடு என்பதால், அக்காவுக்குப் பயந்து அடக்கிவைத்த அத்தனை பாராட்டையும் சம்பல்மேல் கொட்டினேன். லெட்சுமி கொஞ்சம் பயந்துபோய், "ஊர்ல அண்ணி சமைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

சாயங்காலம் தேவிகா வந்தாள். பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு காய்கறி மொத்த வியாபாரியிடம் வேலை. முட்டைக்கோஸ் மண் ஒட்டிய வேனைத் தானே ஓட்டி வந்து, சரிவான அந்த இடத்தில் ஒரே திருப்பில் நிறுத்தினாள். வணக்கம் மாமா என்று சொல்லிவிட்டு நின்றாள். நான் கேமராவை எடுத்தேன். ஙீ.

"கண்ண மூடிக்கிச்சு மாமா."

"யாரு?"

"உங்க கேமராதான். நான் முழிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

நல்ல பொண்ணு என்று வாய்வரை வந்துவிட்டது. சம்பலை நினைத்துக்கொண்டு, "சாப்பாடு பிரமாதம்மா" என்றேன்.

அன்று மாலை லெட்சுமி இரண்டு முறை துணி மூடிய ஒரு தட்டோடு உள்ளிருந்து வந்தார். என் கைகளைப் பார்த்தார். ஒரு கை கேமராவைப் பிடித்திருக்கும், இன்னொரு கை சக்கரத்தோடு மல்லுக்கட்டும். அவர் திரும்பிப் போய்விடுவார். பலகாரம் கொண்டுவந்து, நான் வேலையாக இருப்பதைப் பார்த்து மனசு மாறிவிட்டார் என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

இரண்டாம் நாள் முனியாண்டியின் வேலையைப் பார்க்கப் போனேன். கூடை கட்டிய பெண்கள் விரலால் கிள்ளுவார்கள் என்ற நினைப்பில் போனவன் நான். இங்கே இரண்டு ஆண்கள் வரிசைக்கு இருபுறமும் நின்று, மோட்டார் வைத்த நீளமான வெட்டுக்கருவியைத் தேயிலையின் தலைமேல் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒரு பெரிய பை கொழுந்தை விழுங்கி ஊதிக்கொண்டே வருகிறது. முனியாண்டிக்கு எதிர்ப்புறம் வங்காளதேசத்து இளைஞன் ஒருவன். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் செடிக்குக் கோணல் கிராப். "நாங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரிலா. சண்டை போட்டாலும் கைய விட முடியாது" என்று முனியாண்டி மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார். அந்தக் கருவியில் நிறுத்துகிற விசை கட்டைவிரலுக்குப் பக்கத்தில், கண்ணை மூடினாலும் தடுமாறாத இடத்தில் இருந்தது. அத்தானின் கேமராவை அதனருகே கொண்டுபோய்க் காட்டி, பார்த்துக் கற்றுக்கொள் என்று சொன்னேன்.

அவமானப்பட்டதாலோ என்னவோ, அது வேறு மொழியில் பேச ஆரம்பித்தது. எந்தப் பொத்தான் எதை மாற்றியது என்று தெரியாது. எழுத்துக்கு மேலெல்லாம் இரண்டிரண்டு புள்ளி. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அதன் கீழே இரண்டு பதில்கள். யாராவது தெரியாத மொழியில் ஏதாவது கேட்டால் தலையாட்டி வைப்பது என் வழக்கம். விமானத்தில்கூட அப்படித்தான் எனக்கு மீன் கிடைத்தது. கேமராவுக்குத் தலையாட்டினால் புரியாது என்பதால் முதல் பதிலை அழுத்தினேன்.

அது கேட்ட கேள்வி, எல்லாப் படங்களையும் அழித்துவிடட்டுமா என்பது.

அழித்துவிட்டது. தொப்பி வைத்த கோடு போயிற்று. அடுப்படி போயிற்று. தேவிகா முழித்துக்கொண்டு நின்ற, எப்படியோ தப்பிப் பதிவாகியிருந்த ஒரே படமும் போயிற்று. நாளை ஒரு நாள்தான் பாக்கி. அக்கா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வெறும் பக்கங்களைப் புரட்டுவது கண்ணில் தெரிந்தது. படம் இல்லையென்றால் அவள் சரி சொல்ல மாட்டாள். அவள் சரி சொல்லாவிட்டால் தினேஷ் ஊருக்கு வரும்போது என் கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் முகத்தை மட்டும் காட்டுவான்.  அங்கேயே தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஈரம் உடனே பின்பக்கம் ஏறியது.

"என்னாச்சுண்ணே, தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்ல. இயற்கையை ரசிக்கிறேன்."

அன்று மாலை பிரிஞ்சாங் சந்தையில், அவர்கள் பாசார் மாலாம் என்கிறார்களே அதில், மனசைத் தேற்றிக்கொள்ள வேகவைத்த சோளம், சாக்லெட் முக்கிய ஸ்ட்ராபெர்ரி, பொரித்த காளான், மறுபடி சோளம் என்று நடந்தேன். சோளம் விற்ற சீன அம்மாள் என் கையில் இருந்த கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற தமிழ்ப்பெண் மொழிபெயர்த்தாள்: "அவங்க மவன் வீட்லயும் இது ஒண்ணு இருக்காம். கதவு காத்துல அடிச்சிக்காம இருக்க முட்டுக் குடுத்து வெச்சிருக்காங்களாம்." இதன் வம்சமே இப்படித்தான் என்று எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. சிரித்துச் சிரித்து, சோளத்தில் தடவியிருந்த வெண்ணெய் ஸ்வெட்டரில் வழிந்தது. தமிழ்ப்பெண்ணே கடைசியில் கேமராவை வாங்கி, எங்கெங்கோ அழுத்தி, அதை ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். எப்படிச் செய்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தீர்மானத்தோடு போனேன். இன்று எடுத்தே தீருவது. செய்தி லயம் முழுக்கப் பரவியிருந்தது. ஊரிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் படம் எடுக்கிறார் என்று பக்கத்து வீடுகளும் குளித்துத் தலைவாரி வந்திருந்தன. தேவிகா பச்சைப் புடவையில். முனியாண்டி தொப்பி இல்லாமல். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். பின்னால் தேயிலை, அதற்கும் பின்னால் பனி. வெளிச்சம் அருமை.

ஙீ.

மறுபடி. இந்த முறை கட்டைவிரல் வைக்கிற இடத்தில் உள்ள சிவப்புப் பொத்தான் அமுங்கி, வீடியோ ஓட ஆரம்பித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது வீடியோவாகப் பதிவாயிற்று. முனியாண்டியின் முகம் சிவந்தது.

"மூச்சு விடலாமாண்ணே?"

"விடுங்க, விடுங்க."

"ஏன்லா பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கான் அந்தப் பட்டன?" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "வெரல ஒட்ட வெட்டிக்கிட்டா சரியாப்போகும்" என்றார் இன்னொருவர். நான் பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினேன். தேவிகாவின் மூக்குத்தி திரை முழுக்க வந்தது. சிறிதாக்கினேன், குடும்பமே எறும்பாகிவிட்டது. 

அப்போது லெட்சுமி துணி மூடிய தட்டோடு வரிசையிலிருந்து வெளியே வந்தார். இரக்கத்தோடு பேசினார்.

"இங்க குடுங்கண்ணே, நான் எடுத்துப் பாக்குறேன். நீங்க இத கொஞ்சம் பிடிங்க."

தப்பித்தேன் என்று கேமராவைக் கொடுத்தேன். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். லெட்சுமி துணியை விலக்கினார்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். கேமரன் மலை என்பதால் ஓரத்தில் ஸ்ட்ராபெர்ரி.

பின்வரிசையில் ஒரு பெண்மணி குலவையிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். முனியாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் வீட்டார் நீட்டுகிற வெற்றிலைத் தட்டை மாப்பிள்ளையின் தாய்மாமன் வாங்கினால் பேச்சு முடிந்தது, கல்யாணம் நிச்சயம். வாக்குக் கொடுத்துடாதே என்று அக்கா சொன்னாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல், வாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"இல்லம்மா, நான் சும்மா பிடிச்சிட்டுதான்..."

"சும்மாத்தான் பிடிங்க" என்றார் லெட்சுமி, கேமராவின் பின்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "முந்தாநாள்லேருந்து தட்ட வெச்சிக்கிட்டு உள்ளயும் வெளியயும் நடக்குறேன். உங்க கை எப்பயாச்சும் காலியா இருந்திச்சா? எங்க குடுக்கிறது? தாய்மாமன் கடல் தாண்டி வந்தா வேற எதுக்கு வருவாங்க? தினேஷ் தம்பியும் மாமாதான் எல்லாம்னு சொல்லிச்சு."

தட்டைக் கீழே வைக்கலாம் என்றால், தாம்பூலத்தைத் தரையில் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? யாரிடமாவது கொடுக்கலாம் என்றால், கொடுத்தால் திருப்பிக் கொடுத்ததாக அர்த்தமாகிவிடும். வழி தேடி இப்படியும் அப்படியும் திரும்பினேன். தட்டு சாய்ந்தது.

"நேராப் பிடிங்க மாமா, பழம் விழுது" என்றாள் தேவிகா.

அந்நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் கை இல்லை. தேவிகா முன்னால் வந்து, பையிலிருந்து போனை எடுத்து, திரையில் 'அக்கா' என்று இருப்பதைப் பார்த்தாள்.  பிறகு பச்சைப் பொத்தானைத் தொட்டு என் காதில் வைத்தாள். அக்காவின் குரலுக்கு எப்போதும் காதில் வைக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. நாலு பேருக்குக் கேட்கும்.

"படம் எடுத்துட்டியாடா?"

"எடுத்துட்டிருக்காங்கக்கா."

"எடுத்துட்டிருக்காங்களா? நீ என்ன பண்றே?"

"தட்டைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்."

"என்ன தட்டு?"

சொன்னேன். வெற்றிலையில் ஆரம்பித்து ஸ்ட்ராபெர்ரியில் முடித்தேன். எதிர்முனையில் சத்தம் இல்லை. அக்கா பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை.

"எந்தக் கையால வாங்கினே?"

"ரெண்டு கையாலயும்."

 வாசலில் யாரும் அசையவில்லை. இப்போது எடுத்திருந்தால் படம் தெளிவாக வந்திருக்கும்.

"பதிலுக்கு நீ என்ன குடுத்தே?"

நான் லெட்சுமியைப் பார்த்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, கேமரா மூக்கை இழுத்துக்கொண்டு அவர் கையில் தூங்கிக்கொண்டிருந்தது. மரியாதையான பெண்மணி, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பொருள் என்று அதை ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, நெற்றி எது என்று தேடி, ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்.

"அத்தானோட கேமராவை."

என் காதோரம் போன் லேசாக ஆடியது. நான் ஆடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆடியது தேவிகாவின் கை. இரண்டு நாளாகக் கிண்டல் செய்துகொண்டிருந்த பெண் தேயிலையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அக்கா ஞாபகமும் போய், அத்தான் ஞாபகமும் போய், இந்தப் பிள்ளைக்காகப் பயம் வந்தது. சரின்னு சொல்லுக்கா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"ஏன்டா," என்றாள் அக்கா மெதுவாக, "ரெண்டு கையிலயும் தட்டு இருக்குன்னா, போனை யாரு பிடிச்சிருக்கா?"

"அந்தப் பொண்ணுதான்."

"இவ்வளவு நேரமும் அவ கேட்டுட்டா இருக்கா?"

"ஆமாக்கா."

"அவ காதுல வை."

எனக்குக் கை இல்லை என்பதைத் தேவிகாவே புரிந்துகொண்டு போனைத் தன் காதுக்கு மாற்றினாள். "ஆமாங்க" என்றாள். பிறகு எங்களைவிட்டு விலகி, லயத்து ஓரமாகத் தேயிலை வரை நடந்து போனாள். எங்களுக்குத் தெரிந்தது பச்சைப் புடவையின் முதுகு மட்டும். தலை ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. ஒருமுறை சிரித்த மாதிரி தோள் குலுங்கியது. அழுத மாதிரியும் இருந்தது. முனியாண்டி என் பக்கத்தில் வந்து நின்று தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவரும் நானும் இருபுறமும் பிடித்தபடி, நகராமல் நின்றோம்.

"நீளமாத்தான் பேசுறாங்க" என்றார்.

"எங்க அக்கா விசாரிப்பு அப்படித்தான்."

"நல்லதா?"

"திட்டறதா இருந்தா இதுக்குள்ள முடிச்சிருப்பா."

தேவிகா திரும்பி வந்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. வாயோ சிரிப்பை அடக்கப் பாடுபட்டது. போனை என் பையில் போட்டாள். லெட்சுமி பொறுக்க மாட்டாமல், "என்னாடி சொன்னாங்க?" என்று கேட்டார்.

தேவிகா முதலில் தட்டை என்னிடமிருந்தும் அவள் அப்பாவிடமிருந்தும் பத்திரமாக வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் மாமா கையில எதையும் குடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க."